குஷன் ஷூவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள்: நியூட்ரல் ஓட்டக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

விடிகாலையில் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்திலோ கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றியோ ஓடுகிறவர்களிடம் ஷூ பற்றிக் கேட்டால் இரண்டு பதில் நிச்சயம் வரும். "நல்லா மெத்து மெத்துன்னு குஷன் இருக்குறதா வாங்குங்க சார், முட்டி வலியே வராது" என்பது ஒன்று. "உங்களுக்குத் தட்டைப் பாதம், நியூட்ரல் ஷூ ஒத்து வராது" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையக் குழப்பமும் இருக்கிறது. அந்தக் குழப்பத்தோடு கடைக்குப் போகிறவர் கையில் கிடைப்பதில் மிக மென்மையானதை எடுத்து வருகிறார். சில வாரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

தார்ச் சாலையிலும் சிமெண்ட் சாலையிலும் நிதானமாக ஓடுவதற்கான, குஷன் கூடுதலாக உள்ள நியூட்ரல் ஷூவை, அதாவது பாதத்தின் சாய்வைத் திருத்தும் அமைப்பு எதுவும் வைக்காத ஷூவை, பற்றி மட்டும் இங்கே பேசுவோம். கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ வேறு, மண் பாதைக்கான டிரெய்ல் ஷூ வேறு. காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பழகும் தம்பிகளுக்கும் இதை முதல் ஷூவாகச் சொல்ல மாட்டோம். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடி என்ற அந்த வேகத்துக்கு எடை குறைந்த, அடி மெலிந்த ஷூ போதும். குஷன் ஷூவின் வேலை, வாரத்தில் நாலைந்து நாள் மெதுவாக நீண்ட தூரம் ஓடுகிற காலைக் காப்பது.

குஷன் உண்மையில் செய்வது என்ன

வைக்கோல் போரிலிருந்து களத்தில் குதித்து விளையாடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வெறும் சிமெண்ட் களத்தில் குதித்தால் குதிகால் சுள்ளென்கிறது. ஒரு முழம் வைக்கோல் பரப்பிய இடத்தில் குதித்தால் ஒன்றும் தெரிவதில்லை. உங்கள் எடையும் குறையவில்லை, விழுந்த வேகமும் குறையவில்லை. நின்று முடிக்கக் கிடைத்த நேரம்தான் கூடியிருக்கிறது. ஒரே வேகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்து நிறுத்தினால் உடம்பில் ஏறும் விசையின் உச்சம் தணிகிறது. குஷன் என்பதன் மொத்தச் சூத்திரமும் இதுதான்.

அதே வைக்கோல் மெலிதாகக் கிடந்தால் நசுங்கிக் காலில் தரை தட்டும். இடுப்பளவு கிடந்தால் கால் புதைந்து, கணுக்கால் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் தள்ளாடும். காலை உருவி எடுக்கவே தனித் தெம்பு வேண்டும். நாலு நாள் மிதிபட்ட வைக்கோலோ படிந்துபோய் மறுபடி எழும்பாது. ஷூவின் குஷனில் பார்க்க வேண்டிய நான்கு விஷயங்களும் இதில் அடக்கம். இறங்கும் வேகத்தைத் தணிக்கிறதா, தரை தட்டுகிறதா, தள்ளாட வைக்கிறதா, எத்தனை நாளில் படிந்துபோகிறது?

இனி கணக்குக்கு வருவோம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை காலில் திருப்பித் தரும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. 70 கிலோ ஆள் என்றால் ஒவ்வோர் அடிக்கும் 140 முதல் 210 கிலோ வரை. பாதம் தரையில் தங்குவது ஏறத்தாழ கால் நொடிதான். நிமிடத்துக்கு 165 அடி வைத்து, கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் எடுத்து ஓடுகிறவர் ஒரு கிலோமீட்டரில் சுமார் 1070 அடி வைக்கிறார். பத்துக் கிலோமீட்டர் ஓடினால் பத்தாயிரத்துக்கும் மேல்.

அப்படியானால் குஷனை இரட்டிப்பாக்கினால் விசை பாதியாகிவிடுமா என்று கேட்கத் தோன்றும். ஆகாது. நம் உடம்பு சும்மா இருப்பதில்லை. கீழே மென்மையாக இருந்தால் காலைத் தானாகவே விறைப்பாக்கிக்கொள்கிறது. கீழே கெட்டியாக இருந்தால் முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாக மடக்கித் தணித்துக்கொள்கிறது. அதனால்தான் மிக மென்மையான ஷூ போட்ட சிலருக்குக் காலில் அதிர்ச்சி குறையாமல் போகிறது.

குஷன் வீண் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லக்ஸம்பர்க்கில் 848 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், பார்க்க ஒன்றுபோல இருந்து அடிப்பகுதி மட்டும் கெட்டியாகவும் மென்மையாகவும் இருந்த ஷூக்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். கெட்டி ஷூ போட்டவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. இதில் கவனிக்க வேண்டிய இடம், மென்மையின் பலன் தெளிவாகத் தெரிந்தது எடை குறைந்தவர்களிடம்தான். "குண்டாக இருப்பவர்களுக்குத்தான் குஷன் வேண்டும்" என்ற கடைப் பேச்சுக்கு இது நேர்மாறு.

சுருக்கமாக: குஷன் விசையை அழிப்பதில்லை, நேரத்தில் பரப்புகிறது. அளவோடு இருந்தால் நல்லது. கூடக் கூட நல்லது என்பது இல்லை.

ஷூவின் பாகங்கள்

பாதத்தைச் சுற்றி மூடும் துணிப்பகுதி அப்பர். அதன் பின்புறம் குதிகாலைப் பிடித்து நிற்கும் கெட்டியான கிண்ணம் ஹீல் கவுன்ட்டர். விரல்கள் இருக்கும் முன்னறை டோ பாக்ஸ். உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய மெல்லிய அட்டை இன்சோல். தரையில் படும் ரப்பர் அவுட்சோல். இன்சோலுக்கும் அவுட்சோலுக்கும் நடுவே தடிமனாக இருக்கும் ஃபோம்தான் மிட்சோல். குஷன் என்றாலே மிட்சோல்தான். கடையில் ஷூவுக்குள் கையை விட்டு அமுக்கும்போது உங்கள் விரல் அறிவது பெரும்பாலும் இன்சோலை. மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த அட்டை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் 150 கிலோ விசைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

மிட்சோல் ஃபோமில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஈ.வி.ஏ. பழையது, விலை குறைந்தது, எடையும் குறைவு. ஆனால் சீக்கிரம் படிந்துபோகும், சூட்டில் இளகும். டி.பி.யு. கனமானது, நீண்ட நாள் உழைக்கும், வெப்பநிலைக்கு அவ்வளவு மாறாது. பீபா மிக லேசானது, நன்றாக எழும்பித் தள்ளும், விலையும் அதற்கேற்ப. தினசரி ஓட்டத்துக்கான ஷூக்களில் பெரும்பாலும் மேம்படுத்திய ஈ.வி.ஏ.யோ இவற்றின் கலவையோ இருக்கும். நிறுவனங்கள் வைக்கும் பகட்டான ஃபோம் பெயர்களை நம்பி விலை கொடுக்க வேண்டாம். எந்த வகை ஃபோம், எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் பாருங்கள்.

பஜாரில் "ஃபர்ஸ்ட் காப்பி" என்று கிடைப்பவை அப்பரையும் லோகோவையும் அச்சாக நகலெடுத்திருக்கும். மிட்சோலை நகலெடுக்க அந்த ஃபோமைச் செய்யும் வசதி வேண்டும், அது அவர்களிடம் இல்லை. ஓடுவதற்கு அதை வாங்குவது பணத்தைக் கால்வாயில் போடுவதுதான்.

நியூட்ரல் என்பது எதைச் சொல்கிறது

பாதம் தரையில் பட்டதும் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்கிறது. இதற்குப் பெயர் ப்ரோனேஷன். இது நோயும் அல்ல, குறையும் அல்ல. அதிர்ச்சியைத் தணிக்க உடம்பே வைத்திருக்கும் ஏற்பாடு. சிலருக்குச் சாய்வு கூடுதல், சிலருக்குக் குறைவு.

இந்தச் சாய்வைத் தடுக்க, பாதத்தின் உள்வளைவுப் பக்கம் கெட்டியான ஃபோமோ பக்கச்சுவரோ வைத்துச் செய்தது ஸ்டெபிலிட்டி ஷூ. மிட்சோலின் உள்பக்கத்தில் மட்டும் வேறு நிறத்தில், பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், ஒரு துண்டு பதித்திருந்தால் அது இதுதான். அப்படி எந்தத் திருத்தமும் இல்லாமல் இரு பக்கமும் ஒரே ஃபோமாக விட்டது நியூட்ரல் ஷூ. நியூட்ரல் என்பது ஷூவின் அமைப்பைக் குறிக்கிறதே தவிர, உங்கள் பாதத்துக்குப் போட்ட மார்க் அல்ல.

ஈரப் பாதத்தைத் தரையில் பதித்து, உள்வளைவு தெரிகிறதா என்று பார்த்து ஷூவை முடிவு செய்யும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. நின்றுகொண்டு எடுத்த அந்த அச்சு, ஓடும்போது பாதம் எப்படி நகர்கிறது என்பதைச் சொல்லாது. அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ ஒதுக்கிய ஆய்வுகளில் காயங்கள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு, பாதம் எப்படி இருந்தாலும் சரி என்று ஒரே நியூட்ரல் ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2013-ல் வெளியான அந்த முடிவின்படி, உள்பக்கம் சாயும் பாதக்காரர்களுக்குக் கூடுதல் காயம் ஏற்படவில்லை.

ஆகவே தட்டைப் பாதம் என்பதற்காக மட்டும் நியூட்ரல் ஷூவை ஒதுக்க வேண்டாம். ஏற்கெனவே வலியோ பழைய காயமோ இருந்து, எலும்பு மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ திருத்தம் உள்ள ஷூவைச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். மற்றவர்கள் நியூட்ரலில் தொடங்கலாம்.

மூன்று எண்கள்

முதல் எண் ஸ்டாக் உயரம், அதாவது பாதத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள மொத்தத் தடிமன். குதிகாலில் 30 முதல் 35 மில்லிமீட்டர் என்றால் நடுத்தரக் குஷன். அதற்கு மேல் 40 வரையிலும் தாண்டியும் போனால் பெருங்குஷன். சாலைப் பந்தயத்துக்கு உலகத் தடகளக் கூட்டமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு 40 மில்லிமீட்டர். காலையில் தனியாக ஓடுகிறவரை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் எவ்வளவு உயரம் அதிகம் என்று மனதில் பதிய உதவும். உயரம் கூடினால் அடிப்பகுதி அகலமும் கூட வேண்டும். ஷூவைக் கவிழ்த்து நடுப்பகுதியைப் பாருங்கள். இடுப்பு மிகக் குறுகி, மேலே ஃபோம் உயரமாக எழும்பி நின்றால் அந்த ஷூ தள்ளாடும்.

இரண்டாவது, டிராப். குதிகால் தடிமனிலிருந்து முன்பாதத் தடிமனைக் கழித்தால் வருவது. 36-ம் 28-ம் என்றால் டிராப் 8. இது நல்லது அது கெட்டது என்று இதில் இல்லை, சுமை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. டிராப் குறைந்தால் கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் அதிகம் வேலை செய்யும். கூடினால் சுமை முழங்கால் பக்கம் நகரும். இதுவரை 10 டிராப் ஷூவில் ஓடியவர் திடீரென்று 4-க்கு மாறி, முதல் வாரமே பத்துக் கிலோமீட்டர் ஓடினால் கெண்டைக்கால் பிடிப்பது ஷூவின் குற்றமல்ல. புதியவர்களுக்கு 8 முதல் 10 வரை பத்திரம்.

மூன்றாவது எடை. ஆண்களுக்கான யு.கே. 8 அளவில் ஒரு ஷூ 250 முதல் 300 கிராம் வரை இருப்பது குஷன் வகையில் சாதாரணம். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் சக்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். மெதுவாக ஓடுகிறவர் இருபது முப்பது கிராம் வித்தியாசத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அளவு: பாதிப் பிரச்சினை இங்கேதான்

நல்ல ஃபோம், நல்ல ரப்பர் எல்லாம் இருந்தும் ஷூ பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அளவு. இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

பாதம் பகலில் கொஞ்சம் வீங்கும், ஓடும்போது இன்னும் வீங்கும். அதனால் மாலையில் அளவெடுங்கள். சுவரை ஒட்டி ஒரு தாளைப் போட்டு, ஓடும்போது அணியும் சாக்ஸோடு, குதிகால் சுவரைத் தொடும்படி முழு எடையையும் போட்டு நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நீளமான விரலின் நுனியைக் குறியுங்கள். பலருக்கு அது கட்டைவிரல் அல்ல, அடுத்த விரல். இரண்டு பாதத்தையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் 8 இன்னொன்றின் 8 ஆக இருக்காது. நாக்குப் பட்டையில் ஒட்டியிருக்கும் லேபிளில் சென்டிமீட்டர் அளவு இருக்கும், ஒப்பிட அதுதான் நம்பகமானது. போட்டு நின்றதும் நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் கால் நகம் கறுக்கும்.

நீளத்தைவிட அகலம்தான் நம் பக்கத்துக் கால்களுக்குப் பெரிய சிக்கல். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த பாதத்தில் விரல்கள் விரிந்து முன்பாதம் அகன்றிருக்கும். இந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களை அளந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. நடவு வயலில் இறங்கி வளர்ந்த கால் குறுகலான டோ பாக்ஸுக்குள் போனால் சுண்டுவிரல் ஓரம் மரத்துப்போகும், கொப்புளம் வரும். அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஒரு எண் ஏற்றி வாங்குகிறார்கள். அப்போது ஷூ மடியும் இடம் பாதம் மடியும் இடத்தைவிட முன்னால் போய்விடும், குதிகாலும் நழுவும். அகல அளவான 2இ என்று போட்ட ஷூவைக் கேளுங்கள். கடையில் இல்லாவிட்டால் இணையத்தில் கிடைக்கும்.

அகலம் சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. இன்சோலை உருவித் தரையில் வைத்து, அதன்மேல் எழுந்து நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை விளிம்புக்கு வெளியே வழிந்து நின்றால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல்.

குதிகால் கொஞ்சமாக நழுவினால் ஷூவை ஒதுக்குமுன் லேஸை மாற்றிக் கட்டிப் பாருங்கள். கணுக்கால் பக்கம் கடைசியாக, சற்றுத் தள்ளி ஒரு தனித் துளை இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அதே பக்கத்துத் துளையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சிறு வளையம் விடுங்கள். மறு பக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப் பக்க வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் போய் உட்காரும். இதற்குப் பிறகும் நழுவினால் அந்த ஷூ வேண்டாம்.

"ஓட ஓட சரியாயிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். முதல் 30, 40 கிலோமீட்டரில் ஃபோம் கொஞ்சம் இளகும் என்பது உண்மை. ஆனால் கடையில் இறுக்கும் டோ பாக்ஸ் சாலையிலும் இறுக்கும்.

வீட்டுத் தரையில் செய்யும் சோதனை

நம் ஊர்க் கடைகளில் டிரெட்மில் வைத்து ஓடிப் பார்க்கச் சொல்கிற இடம் அரிது. திருப்பி அனுப்பும் வசதியோடு வாங்கி, விலை அட்டையைக் கிழிக்காமல் வீட்டுத் தரையில் பாருங்கள்.

முதலில் இரண்டு ஷூவையும் மேசையில் வைத்துப் பின்னாலிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். ஒன்று உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்து நின்றால் ஒட்டுவதிலேயே பிழை, திருப்பி அனுப்புங்கள். மூக்கையும் குதிகாலையும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் மடியக் கூடாது. ஹீல் கவுன்ட்டரை இரு விரலால் நசுக்கினால் அது கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும்.

பிறகு போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் 20 நொடி நில்லுங்கள். அதே காலில் முழங்காலைச் சிறிது மடக்கி ஐந்து முறை இறங்கி ஏறுங்கள். வெறுங்காலில் செய்வதைவிடக் கணுக்கால் மிகவும் ஆடினால் ஃபோம் உங்களுக்கு அளவுக்கு மீறி மென்மை. கடைசியாக நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் துள்ளுங்கள். முன்பாதத்தில் அடித்தரை தட்டுவதுபோல் உணர்ந்தால் குதிகாலில் மட்டும் குஷனைக் கொட்டி முன்னால் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது: விரலுக்கு முன் 10 மில்லிமீட்டர், சுண்டுவிரல் வழியாத அகலம், நழுவாத குதிகால், ஒற்றைக் காலில் ஆடாத அடி. இவை நான்கும் சரி என்றால்தான் ஷூவைச் சாலையில் இறக்க வேண்டும்.

டெல்டா சாலையில் மூன்று ஓட்டம்

மூன்று ஓட்டம் ஓடாமல் ஒரு ஷூவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். முதலாவது 3 கிலோமீட்டர், இரண்டாவது 5 அல்லது 6, மூன்றாவது உங்கள் வழக்கமான நீண்ட ஓட்டத்தின் தூரம். மூன்றும் ஒரே பாதையில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். முதல் ஓட்டத்தில் அப்பர் உரசுகிறதா என்று பாருங்கள். இரண்டாவதில் இறங்குவதும் எழும்புவதும் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதில் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் முக்கியம். கால் சோர்ந்த பிறகு தள்ளாட வைக்கும் ஷூ, தெம்பாக இருக்கும்போது அதைக் காட்டிக்கொடுக்காது. காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இல்லாத 'தப் தப்' சத்தம் கடைசியில் வந்தால் ஃபோம் தணிக்கவில்லை, பாதம் அறைந்து விழுகிறது.

சமதளம் என்பது டெல்டாவின் கொடை. ஏற்ற இறக்கம் இல்லாததால் ஷூவை ஒப்பிடுவது எளிது. அதுவே ஒரு தொல்லையும் கூட, மேடு பள்ளம் இல்லாத சாலையில் ஒவ்வோர் அடியும் அச்சாக ஒரே மாதிரி விழுகிறது. ஒரே தசை, ஒரே எலும்பு, ஒரே கோணம். இங்கே குஷன் ஷூவுக்கு நியாயமான தேவை இருப்பது இதனால்தான்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வெண்ணாற்றங்கரை, குடமுருட்டிக் கரை போன்ற சாலைகளிலும் ஊர்களை இணைக்கும் சாலைகளிலும் தண்ணீர் வடிய நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தியிருப்பார்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு வலது ஓரமாக ஓடுவதே பாதுகாப்பு. அப்படி ஓடினால் தரை எப்போதும் வலப்பக்கம் சரிந்திருக்கும். போகும்போதும் சரி, திரும்பி வரும்போதும் சரி, இடது பாதம் உள்பக்கம் சாயும், வலது பாதம் வெளிப்பக்கம் சாயும். உயரமான மென்மையான மிட்சோல் இந்தச் சரிவை இன்னும் கூட்டிக் காட்டும். "இடது காலில் மட்டும் ஷூ உள்ளே சாயுது, எனக்கு நியூட்ரல் ஆகாது" என்று முடிவு கட்டுமுன் விளையாட்டரங்கத்தின் சமமான தரையில் அதே ஷூவோடு ஓடிப் பாருங்கள். அங்கே சாய்வு மறைந்தால் காரணம் சாலை.

தெருக்களில் இப்போது சிமெண்ட் சாலையும் பேவர் பிளாக்கும் வந்துவிட்டன. சிமெண்ட் தாரைவிடக் கெட்டி. ஆனால் 35 மில்லிமீட்டர் ஃபோமுக்கு மேலே நிற்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் சிறிது. பேவர் பிளாக்கில் பிரச்சினை பிடிப்பு. ஐப்பசி கார்த்திகையில் பாசி பிடித்து ஈரமாகக் கிடக்கும் கற்களில் அவுட்சோல் வழுக்குகிறதா என்று மெதுவாக நடந்தே பாருங்கள். ரப்பர் இல்லாமல் ஃபோமே வெளியே தெரியும் அவுட்சோல்கள் எடை குறைவுதான், ஆனால் ஈரத்தில் நம்ப முடியாது, சீக்கிரமும் தேயும். குதிகால் வெளிவிளிம்பிலும் கட்டைவிரல் அடியிலுமாவது ரப்பர் இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயப்போட்டிருந்தால் சுற்றிப் போங்கள். நெல்மணியின் மேல் எந்த ரப்பரும் பிடிக்காது, அது ஒரு குடும்பத்தின் உழைப்பும்கூட.

மழையும் வெயிலும்

வடகிழக்குப் பருவமழையில் ஷூ நனையாமல் ஓட முடியாது. அதனால் கேட்க வேண்டியது, நனைந்தபின் எவ்வளவு கனக்கிறது, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பது. சமையலறைத் தராசில் காய்ந்த ஷூவை ஒரு முறையும், மழையில் ஓடி வந்ததும் ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள். பஞ்சு நிறைய வைத்துத் தைத்த நாக்கும் கழுத்துப் பட்டையும்தான் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைக்கும். நம் புழுக்கத்துக்கு மெல்லிய வலைத்துணி அப்பரே நல்லது. தண்ணீர் புகாத உறை வைத்த ஷூ இங்கே வேண்டாம். மேலே வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

காயவைக்க இன்சோலைக் கழற்றி, லேஸைத் தளர்த்தி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். தாள் ஊறியதும் மாற்றுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள், ஓடி முடித்து வண்டிப் பெட்டிக்குள்ளும் போட்டு வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் ஏறும் சூட்டில் பசை இளகும், ஈ.வி.ஏ. சுருங்கும். வண்டல் ஒட்டியிருந்தால் காயவிட்டுப் பழைய பல் துலக்கியால் தட்டி எடுங்கள். வாஷிங் மெஷினில் போட வேண்டாம்.

பழைய இருப்பைத் தள்ளுபடியில் வாங்குவது நல்ல உத்திதான். ஆனால் நாக்கு லேபிளில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கடலோர ஈரக்காற்றில் பல ஆண்டு பெட்டியில் கிடந்த ஷூவின் பசை விட்டுப்போய், முதல் மழையிலேயே அடி பிளந்துகொள்ளலாம்.

எப்போது ஓய்வு கொடுப்பது

குஷன் ஷூவின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர். வாரம் 25 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஐந்து முதல் ஏழரை மாதம். அப்பர் புதிதுபோல் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், முதலில் சாவது மிட்சோல். பக்கவாட்டில் படுக்கை வாக்கில் ஆழமான சுருக்கங்கள் நிலையாக நின்றுவிட்டனவா என்று பாருங்கள். மேசையில் வைத்தால் ஷூ ஒரு பக்கம் சாய்கிறதா என்றும் பாருங்கள். அவுட்சோல் குதிகாலின் வெளிவிளிம்பில் தேய்வது இயல்பு, அதற்காகப் பயப்பட வேண்டாம். வழக்கமான தூரத்தில், வேறெந்த மாற்றமும் செய்யாமலே, முன்னங்கால் எலும்போ முழங்காலோ திடீரென்று முனக ஆரம்பித்தால் முதலில் ஷூவின் கிலோமீட்டரைக் கணக்குப் பாருங்கள்.

வசதி இருந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். லக்ஸம்பர்க்கில் 264 பேரைக் கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி ஓடியவர்களுக்குக் காய வாய்ப்பு 39 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. மழைக்காலத்தில் ஒன்று காயும்வரை இன்னொன்று கைகொடுக்கும் என்பது கூடுதல் வசதி. புதிய ஜோடியை, பழையது சாகும்வரை காத்திருக்காமல், பழையது 400 கிலோமீட்டரைத் தொடும்போதே வாங்கிக் குறுகிய ஓட்டங்களுக்குப் போட்டுப் பழகுங்கள். வாங்கிய அன்றே இன்சோலின் அடியில் மார்க்கரால் தேதியை எழுதிவிடுங்கள். ஓட்டத்திலிருந்து விலக்கிய ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கடைத்தெருவுக்கு நடந்து போகவும் சைக்கிள் மிதிக்கவும் இன்னும் ஓராண்டாவது உழைக்கும். நடையில் காலில் ஏறும் விசை ஓட்டத்தில் ஏறுவதில் ஏறக்குறைய பாதிதான்.